மூன்றாம் நம்பர் ரிலே

இது நடந்தது. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேதி, மணி, நிமிஷம் எல்லாம் தாராவின் நோட்டில் நீல மையில் இருக்கிறது. நோட்டில் இல்லாத கடைசி அரை மணி நேரத்தைச் சொன்னவன் வருண். கூடவே நின்று பார்த்தவன். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டான். டம்ளர் அவன் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது.

2003 ஜனவரி. கொல்கத்தா.

தாராவுக்கு அப்போது இருபத்தோரு வயது. அப்பா இராஜமாணிக்கம் மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. பன்னிரண்டு வருஷமாக டாக்குரியாவில் வாடகை வீடு. அந்த ஜனவரியில் மாற்றல் ஆர்டர் வந்தது. மார்ச் முடிவில் சென்னை. அம்மாவுக்கு அது கொண்டாட்டம். தாராவுக்குச் சென்னை என்றால் மே மாத லீவும் வியர்க்குருவும்தான். அவளுடைய பள்ளிக்கூடம், கல்லூரி, பேச்சு, சண்டை எல்லாமே இந்த ஊர்.

“வேலை கிடைச்சா இரு” என்றார் அப்பா. “லேடீஸ் ஹாஸ்டல் நானே பார்த்துத் தரேன். கிடைக்கலைன்னா மூட்டையைக் கட்டு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

வேலைக்கு ஒரே ஒரு வழி இருந்தது. லேக் மார்க்கெட் பக்கம், டிராம் ஓடும் பெரிய சாலையில், ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடியில் மாலை வகுப்பு. மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சின்னக் கம்ப்யூட்டர் சிப்பில் பயிற்சி, ஆறு மாதம். பிப்ரவரி 8, சனிக்கிழமை, ஹவுராவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்ஜினியர் வந்து ஒவ்வொரு மேஜையிலும் செய்து வைத்ததைப் பார்ப்பார். மேஜைக்கு இரண்டு பேர். எடுப்பது ஒருவரை.

தாராவின் மேஜையில் இன்னொருவன் வருண். இவனும் தமிழ்தான். இங்கேயே பிறந்தவன் என்பதால் பேச்சில் பாதி வங்காளம்.

அவர்கள் செய்தது ஒரு ரிலே போர்டு. ரிலே என்பது மின்சாரத்தால் நகரும் சின்ன சுவிட்ச். சிப் உத்தரவு கொடுத்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு இழுபடும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் சிவப்பு எல்.இ.டி. எரியும். அதோடு இணைத்த பல்பும் எரியும். போர்டில் நான்கு ரிலேக்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 20, திங்கள். மாலை 7:12.

டீ குடித்து முடித்திருந்தார்கள். அந்த வகுப்பில் ஒரு பழக்கம். பாதிப் பேர் ஆபீஸ் முடிந்து ஓடி வருகிறவர்கள் என்பதால் வருகைப் பதிவு ஆரம்பத்தில் கிடையாது. டீக்குப் பிறகு, ஏழு பத்துக்கு, தபன்தா பெயர்களைப் படிப்பார். தபன்தாதான் ஆசிரியர். பெயர் வாசித்து ரெஜிஸ்டரை மூடினார்.

டக்.

டக். டக். டக்...

தாரா போர்டைப் பார்த்தாள். யாரும் பட்டனைத் தொடவில்லை. சத்தம் மூன்றாம் நம்பர் ரிலேயிலிருந்து வந்தது போலிருந்தது. சில நொடிகளில் நின்றுவிட்டது.

“கி ரே, பேய் புகுந்துடுச்சா?” என்று சிரித்தான் வருண்.

அன்று நோட்டில் எழுதியது: “ரிலே 3 தானாக அடிக்கிறது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. என் தவறு. நாளை எண்ண வேண்டும்.”

தாரா அப்படித்தான். உலகத்தில் எது உடைந்தாலும் முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள்.

21, செவ்வாய். 7:12. ஒன்பது முறை.

22, புதன். 7:12. பதினொன்று.

23 நேதாஜி பிறந்த நாள், லீவு. 24, வெள்ளி. 7:12. எட்டு.

தபன்தா பழுது விஷயத்தில் யாருக்கும் உதவ மாட்டார். “ஆகே மாபோ, தார்பொர் பாபோ” என்பார். முதலில் அளந்து பார், பிறகு யோசி. அதனால் தாரா அளந்தாள்.

முதல் சந்தேகம் டிராம் மேல். ஜன்னலுக்குக் கீழே டிராம் போகும்போது மேல் கம்பியில் நீலமாகப் பொறி பறக்கும். அந்தப் பொறி சிப்பைக் குழப்பலாம். அதை வடிகட்ட தாரா சப்ளையில் கெபாசிட்டர் வைத்தாள். ரிலேக்குக் குறுக்கே இருக்கும் டயோடை மாற்றினாள். ஜன்னலில் நின்று டிராம் போகும் நேரங்களைக் குறித்தாள். 27ஆம் தேதி கம்பியில் கரண்ட் போய், மூன்று டிராம்கள் வரிசையாக இருட்டில் நின்றன. கண்டக்டர்கள் இறங்கி பீடி குடித்தார்கள். பொறி இல்லை. ஒன்றும் ஓடவில்லை.

7:12. பத்து முறை.

டிராமை நோட்டில் கோடு போட்டு அடித்தாள்.

இரண்டாவது, பவர் சப்ளை. மீட்டரை வைத்தபடி காத்திருந்தாள். 11.9 வோல்ட். ரிலே இழுபடும்போது கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. சத்தம் வந்துகொண்டிருந்தது, முள் அசையவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அடிக்கும்போது சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை. பல்பும் எரியவில்லை.

“எல்.இ.டி. போயிருக்கும்” என்றான் வருண்.

“பல்புமா போயிருக்கும்?”

“தூர்! எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?”

எல்.இ.டி.யை மாற்றினாள். பட்டனை அழுத்தினால் ஒழுங்காக எரிந்தது. 7:12க்கு மட்டும் எரியவில்லை.

நோட்டில்: “சத்தம் உண்டு. வெளிச்சம் இல்லை. நான் எதையோ தப்பாகப் பார்க்கிறேன்.”

மூன்றாவது சந்தேகம் எழுதச் சங்கடமானது. எழுதினாள். “வருண்.”

தினமும் ஒரே நிமிஷம். எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. இது பழுது செய்கிற வேலை இல்லை. யாரோ ப்ரோக்ராம் எழுதிச் செய்கிற வேலை. மேஜைக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள். சனிக்கிழமை இன்ஜினியர் முன்னால் போர்டு கிறுக்குத்தனம் செய்தால், நோட்டும் கையுமாக மேஜைக்குப் பொறுப்பாக நிற்கிற தாரா மேல்தான் பழி விழும். அவனுக்கு இது தெரியாதா?

அன்று வீட்டுக்கு எடுத்துப் போன புதுச் சிப்பில் தானே ப்ரோக்ராம் ஏற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் மாட்டினாள்.

7:12. டக். டக். டக்...

30, வியாழன். சிப்பையே பிடுங்கி எடுத்துவிட்டாள். சிப்பைச் செருகும் சாக்கெட் காலி. உத்தரவு கொடுக்க எதுவுமே இல்லை. வருண் டீ வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். தபன்தா பெயர் வாசித்தார்.

7:12.

ஒன்பது.

அவள் காலி சாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். போர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் புத்தி விடவில்லை. காலி சாக்கெட் என்றால் பிரச்சினை சிப்பில் இல்லை, ரிலே போர்டில். அதில் பாகங்களை ஈயம் வைத்துச் சால்டர் செய்தது யார்? வருண்.

31, வெள்ளி. படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள்.

“போர்டுக்குள்ள ஏதாவது வச்சிருக்கியா?”

“என்ன வச்சிருக்கேன்?”

“ஏழு பன்னிரண்டுக்கு அடிக்கிற மாதிரி. நான் தோத்துப் போகணும்னு.”

 “பாகல் நாகி? பைத்தியமா உனக்கு?” என்றான் வருண். “நாலு மாசமா ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்து முறுக்கு தின்னோம். இதைத்தான் நினைச்சிட்டிருந்தியா?”

அதன்பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். வருவான். எதிர்ப் பக்கம் உட்காருவான். சால்டரிங் அயர்னை அவள் பக்கம் தள்ளிவிடுவான். அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, திங்கள். தபன்தா ரெஜிஸ்டரை அவளிடம் கொடுத்தார். ஜனவரி மாத வருகையைக் கூட்டி எழுதித் தர வேண்டும். அவள் கையெழுத்து அழகு, அதனால் அந்த வேலை அவளுக்கு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து கூட்டினாள்.

21ஆம் தேதி: வந்தவர்கள் ஏழு.

22: ஒன்பது.

24: ஆறு.

பேனா நின்றது. இந்த எண்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே...

தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஏழு பேர் வந்த அன்று ஒன்பது சத்தம். ஒன்பது பேர் வந்த அன்று பதினொன்று. ஆறு பேர் வந்த அன்று எட்டு. 27, 28, 29, 30... ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

வித்தியாசம் எப்போதும் இரண்டு.

ரெஜிஸ்டரில் மாணவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஆக, ஒன்று தபன்தா.

இன்னொன்று?

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தாரா எழுந்திருக்கவில்லை. நோட்டில் எழுதினாள்: “அறையில் இருக்கிறவர்களை எண்ணுகிறது. ஒருவரைக் கூடுதலாக எண்ணுகிறது. கூட்டலில் என் தவறு இருக்கலாம்.” மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். கூட்டலில் தவறில்லை.

இதிலும் அவளுக்கு வருண்தான் தோன்றினான். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்சை அழுத்தினால் போதுமே. பயமுறுத்த, ஒன்று கூட்டி.

பயத்தைவிடச் சந்தேகம் சுலபம். அவள் சந்தேகத்தையே பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 6, வியாழன். சரஸ்வதி பூஜை.

வங்காளத்தில் அன்று யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. வகுப்பில் இருந்த போர்டுகள், மீட்டர்கள், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் கழற்றி, வயரைச் சுற்றி, அறையில் வைத்திருந்த சரஸ்வதி அம்மன் சிலையின் காலடியில் வைத்துவிட்டார்கள். காலையில் பூஜை. மத்தியானம் கிச்சுடி. மூன்று மணிக்கு எல்லோரும் கலைந்தார்கள். விளக்கு எரிவதால் கதவை மட்டும் பூட்டவில்லை.

தாரா யோசித்தாள். இன்றைக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள். கை வைக்க நினைக்கிறவனுக்கு இதைவிட நல்ல நாள் உண்டா?

6:55க்கு அவள் மாடி ஏறினாள். செருப்பை வெளியே விட்டாள். அறையில் ஆள் இல்லை. ஒரு அகல் விளக்கு. சாமந்தி வாசனை. அம்மனின் வெள்ளைப் புடவை அரை இருட்டில் தெரிந்தது. போர்டு காலடியில் இருந்தது, வயர் இல்லாமல், சிப் இல்லாமல்.

தன் பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருண் வருவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

7:05.

7:10. கீழே ஒரு டிராம் மணி அடித்துக்கொண்டு போனது.

7:11.

7:12.

டக்.

அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில்.

அவள் அசையவில்லை. போர்டு பத்தடி தூரத்தில், அம்மன் காலடியில் கிடந்தது.

இத்தனை பக்கத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது. இரும்புத் தகட்டின் சத்தம் இல்லை இது. நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம். ஈரமான சத்தம். ஆட்களை எண்ணும்போது சிலர் செய்வார்களே...

டக்.

இது கதவுப் பக்கம்.

கதவில் யாருமில்லை. அவள் நன்றாகப் பார்த்தாள். இருட்டு மட்டும்தான்.

இருட்டு நகர்ந்தது.

“நீ இங்க என்ன பண்றே?”

வருண். கையில் செருப்பு. பூனை மாதிரி ஏறி வந்திருந்தான்.

“நீ... எதுக்கு வந்தே?”

“உன்னைப் பிடிக்கத்தான்! நீ என் சால்டரைக் கெடுத்து, பழியை என் தலையில கட்டப் போறேன்னு நினைச்சேன். பூஜை அன்னிக்கி யாரும் இருக்க மாட்டாங்க இல்லே?”

தாராவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் உள்ளே வரும் முன்பே அது அவனை எண்ணிவிட்டது.

“இப்ப ரெண்டு சத்தம் கேட்டுதா?”

“கேட்டுது. உன் ரிலேதானே?”

“போர்டு அங்க இருக்கு, வருண்.”

அவன் அம்மன் காலடியைப் பார்த்தான்.

டக்.

மூன்றாவது. அறையின் மூலையில், அலமாரிக்குப் பின்னால்.

அங்கே ஆள் நிற்க இடம் கிடையாது. சுவர்தான்.

வருண் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் படிக்கட்டில் எப்படி இறங்கினார்கள் என்று நோட்டில் இல்லை. தாராவின் ஒரு செருப்பு மாடியிலேயே தங்கிவிட்டது.

கீழே, டிராம் நிறுத்தத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

“சாரி” என்றாள் தாரா. “உன்னைப் போய்...”

“நானும்தான்.” வருண் மாடி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: “மூணு வாரமா நாம போர்டையே நோண்டிட்டு இருந்தோம். வேற யாராவது இருந்தா, சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு திரும்பிப் பார்த்திருப்பாங்க. நமக்கு டக்னு கேட்டா ரிலே. அவ்வளவுதான் மூளை.”

எல்.இ.டி. எரியவில்லை, முள் அசையவில்லை, சாக்கெட் காலி. எல்லா அளவும் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ரிலே அடிக்கவே இல்லை.

பிப்ரவரி 8, சனிக்கிழமை.

தபன்தாவிடம் என்னவென்று சொல்வது? சொல்லவில்லை. “எங்க மேஜையை முதல்ல பார்க்கச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஆறே முக்காலுக்குள் முடிந்துவிட்டால் தப்பித்தார்கள்.

ஹவுரா பாலத்தில் நெரிசல். இன்ஜினியர் கோஷ்பாபு வந்து சேர்ந்தது 7:05க்கு. அறுபதை நெருங்கும் மனிதர், விரல் நுனிகளில் பழைய தீத்தழும்புகள். அன்று பத்து மாணவர்களும் வந்திருந்தார்கள். தபன்தா. கோஷ்பாபு. ஆகப் பன்னிரண்டு பேர்.

தாரா மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்: பதின்மூன்று அடிக்கும்.

7:09. கோஷ்பாபு அவர்கள் மேஜைக்கு வந்தார். வருண் பட்டனை அழுத்தினான். ரிலே அடித்தது. பல்பு எரிந்தது. நான்கும் ஒழுங்காக வேலை செய்தன. அவர் தலையாட்டினார்.

7:12.

டக்.

கோஷ்பாபு குனிந்தார். டக். டக். “ரிலே தானா அடிக்குதே” என்றார் வங்காளத்தில். முகம் சுருங்கியது. பேனா காகிதத்தின் மேல் போனது. அவள் பெயரை அடிக்கப் போகிறார்.

ஹாஸ்டல், ஹவுரா, இந்த ஊர், எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தது.

“சார்” என்றாள் தாரா.  “ரிலே மேல விரலை வச்சுப் பாருங்க.”

தொழில் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ரிலே அடித்தால் விரலில் துடிக்கும். சின்னப் பல்லி துள்ளுகிற மாதிரி. கோஷ்பாபு மூன்றாம் நம்பர் ரிலே மேல் விரல் வைத்தார்.

டக்.

டக்.

விரலில் ஒன்றும் துடிக்கவில்லை. விரலை எடுத்தார். நான்காவதன் மேல் வைத்தார். முதலாவது. இரண்டாவது. அவர் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனது.

டக்... டக்...

நின்றது.

வருண் அவள் காதில் சொன்னான். “பன்னெண்டு.”

அவளும் அதைத்தான் எண்ணியிருந்தாள். பன்னிரண்டு பேர். பன்னிரண்டு சத்தம். கூடுதலாக ஒன்று இல்லை. சரியாக இருக்கிறது. போய்விட்டது!

கோஷ்பாபு அவள் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். நீண்ட நேரம். டிராம், சப்ளை, எல்.இ.டி., காலி சாக்கெட். வருகைப் பதிவுக் கணக்கு இருந்த பக்கத்தில் சற்று நின்று, புரட்டினார்.

“இது உன் போர்டு இல்லை” என்றார். “அளந்து வச்சிருக்கே. திங்கட்கிழமை சர்டிஃபிகேட் காப்பியோட வா.”

டீயைத் தொடாமல் கிளம்பிப் போனார்.

வருண் கை கொடுத்தான். “நீ போ. எனக்கு மாமா கடை இருக்கு. அங்க பேய் கிடையாது, மாமா மட்டும்தான்.”

அன்றிரவு நோட்டில்: “12 = 12. முடிந்தது.” அதுதான் கடைசி வரி.

மறுநாள் ஞாயிறு.

மாலையில் சர்டிஃபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க தாராவும் வருணும் போனார்கள். அதே வீட்டின் கீழ்த் தளத்தில் சகுந்தலா மாமியின் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், டெலிபோன் பூத் மூன்றும் ஒன்றாக. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

“வேலை கிடைச்சுடுத்தா? பேஷ்” என்றார் மாமி, காகிதத்தை மெஷினில் வைத்தபடி.

“ரிலே மானத்தை வாங்கப் பார்த்துது மாமி” என்றான் வருண். “தினமும் ஏழு பன்னெண்டுக்கு டக் டக்னு...”

மாமியின் கை நின்றது.

“எத்தனை?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நானும் அந்த ரூம்லதான் டைப் கத்துண்டேன். எழுபத்தி நாலுல. அப்ப அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்” என்றார் மாமி. “அஞ்சாம் நம்பர் மெஷின் தானா அடிக்கறதுன்னு எல்லாருமே சொன்னோம். மெக்கானிக் மூணு தரம் வந்தான். பழுது இல்லேன்னான். அப்புறம்தான் எண்ணினோம். இருக்கறவாளைவிட ஒண்ணு ஜாஸ்தி.”

“எங்களுக்கும் அப்படித்தான் மாமி” என்றாள் தாரா. “ஆனா நேத்து சரியா இருந்தது. பன்னெண்டு பேர், பன்னெண்டு. அது போயிடுச்சு.”

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்களுக்கும் ஒரு நாள் சரியா வந்தது. தொலைஞ்சுதுன்னு ரசகுல்லா வாங்கிச் சாப்பிட்டோம். அது போகலைடி. அது அங்கேயேதான் இருந்தது. எங்கள்ல ஒருத்தியை எண்ணலை.”

“யாரை?”

“அலமுன்னு ஒருத்தி.”

“அவங்களுக்கு என்ன ஆச்சு?”

 மாமி டெலிபோனைத் தாரா பக்கம் நகர்த்தினார்.

“முதல்ல எல்லாருக்கும் போன் பண்ணு. எல்லாரும் இருக்காளான்னு பாரு.”

மணி 6:35.

வகுப்பு நம்பர்கள் எல்லாம், நேற்று கோஷ்பாபு கொடுத்த நம்பரும், நோட்டின் பின் அட்டையில் இருந்தன. உலகக் கோப்பை கிரிக்கெட்டின் முதல் நாள் என்பதால் எல்லோரும் டிவி முன்னால் இருந்தார்கள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஒருத்தி சிரித்தாள். ஒருவன் ஸ்கோர் சொன்னான். தபன்தா, “திங்கட்கிழமை லேட்டாகப் போகாதே” என்றார். கோஷ்பாபு தன் பெயரைச் சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை, வைத்துவிட்டார்.

பத்துப் பேர். பத்துப் பேரும் நன்றாக இருந்தார்கள். பதினொன்றாவது ஆள் வருண், பக்கத்திலேயே நிற்கிறான்.

தாரா பட்டியலில் டிக் போட்டாள். கடைசி டிக் போட்டதும் பேனா கீழே விழுந்தது.

ஒரு நம்பர்தான் மிச்சம்.

அவள் வீட்டு நம்பர்.

“வேணாம்” என்றான் வருண்.

அவள் டயல் செய்தாள். 7:04.

அம்மா விஜயலட்சுமி போனில் உரக்கப் பேசுகிறவர். வருணுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“ஹலோ?”

“அம்மா...”

“யாரும்மா? தாரா ஃப்ரெண்டா? இப்பதான் வந்தா. முகம் கழுவிட்டிருக்கா.”

பின்னால் குழாய் கொட்டும் சத்தம்.

“அம்மா... நான்...”

“உனக்கு விஷயம் தெரியுமா? வேலை வேணாம்னுட்டா! எங்களோடயே மெட்ராஸ் வராளாம். இத்தனை நாள் ஒத்தக்கால்ல நின்னவ. அவங்கப்பாவுக்கு நம்பவே முடியலை.”

குழாய் நின்றது.

காலடிச் சத்தம்.

“இதோ வந்துட்டா. பேசும்மா.”

ரிசீவர் கைமாறியது.

வருண் தாராவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு உதடுகளும் இறுக மூடியிருந்தன. அதை அவன் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வான்.

“ஹலோ,” என்றது ரிசீவரில், தாராவின் குரல். “யாரு?”